பதினோராம் நம்பருக்கு வரம்பு கிடையாது

எங்கள் அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழுந்தால் காரணம் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் செல்லாது, கணினியில் சொல்ல வேண்டும். காதில் மாட்டியிருக்கும் ஹெட்செட்டைக் கழற்றிய மறுநொடி திரையில் ஒரு பட்டியல் வந்து வழிமறிக்கும். ஒன்றை அழுத்தினால் மதியச் சாப்பாடு, இரண்டு டீ, மூன்று மீட்டிங், நான்கு பயிற்சி, ஐந்து கணினிக் கோளாறு, ஆறு சக ஊழியரின் பிறந்தநாள் கேக், ஏழு தீ விபத்து ஒத்திகை, எட்டு ரத்த தானம், ஒன்பது நிறுவனப் பத்திரிகைக்குப் புகைப்படம். கடைசியாகப் பத்தாம் நம்பர், சொந்தக் காரணம். மனிதப் பிறவிக்கு இயற்கையாக வரக்கூடிய எல்லாமே அந்த ஒரு நம்பருக்குள் அடக்கம். அதற்கு நாளொன்றுக்குப் பதினான்கு நிமிடம் வரம்பு.

இந்தப் பதினான்கைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவருக்கு நல்ல வயிறு. அவர் நன்றாக இருக்கட்டும்.

எங்களுடையது பார்சல் அனுப்பும் நிறுவனம். "என் பார்சல் எங்கே?" என்று கேட்பவர்களுக்குப் போனில் பதில் சொல்லும் பிரிவில் அறுபது பேர் இருக்கிறோம். எப்போது வரும், எப்போது வரும் என்று நாள் முழுக்க ஊரார் என்னிடம் கேட்கிறார்கள். எனக்கு எப்போது வரும் என்று எனக்கே தெரியாது என்பதை நான் அவர்களிடம் சொல்வதில்லை.

எனக்குப் பெருங்குடலில் புண். டாக்டர் கடிதத்தில் அதற்கு ஒன்றரை வரி நீளத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, வேறு வேலை இல்லாமல் சொந்தக் குடலையே போட்டுத் தாக்குகிற வியாதி. தொற்றாது. தீரவும் தீராது. அடங்கும், மறுபடி கிளம்பும். அடங்கியிருக்கும்போது நானும் உங்களைப் போல ஒரு மனுஷி. கிளம்பிவிட்டால் ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை, ரத்தத்தோடு. வருகிறது என்று தெரிவதற்கும் வந்தேவிடுவதற்கும் நடுவில் இரண்டு நிமிடம் கிடைக்கும். நல்ல நாளாக இருந்தால் மூன்று.

பதினான்கு தடவைக்குப் பதினான்கு நிமிடம் என்றால் தடவைக்கு ஒரு நிமிடம். என் இடத்திலிருந்து கழிப்பறைக்கு ஓடவே ஒன்றரை நிமிடம் ஆகும். நடுவில் கார்டு காட்டித் திறக்க வேண்டிய கதவு வேறு. அலுவலகத்தில் எனக்கு "மின்னல்" என்று பெயர். நான் சுறுசுறுப்பானவள் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

வரம்பு தாண்டினால் சுவரில் இருக்கும் பெரிய திரையில் நம் பெயர் சிவப்பாகும். ஆனதும் எங்கள் சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நிற்பார். நெட்டையான மனிதர், வாயைத் திறந்தால் மணிதான் சொல்வார், அதனால் அவருக்கு "மணிக்கூண்டு" என்று பெயர். "இருபத்தியொரு நிமிஷம் ஆச்சும்மா" என்பார். திட்டமாட்டார். திட்டினால்கூடத் தேவலை. ஒரு மாதத்தில் பத்து நாள் சிவந்தால் எச்சரிக்கைக் கடிதம். மூன்று கடிதம் வந்தால் வீட்டுக்குப் போகலாம், அங்கே கழிப்பறைக்கு வரம்பு இல்லை.

எனக்கு இரண்டு வந்துவிட்டன.

வேலை போனால் இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். ஆனால் எட்டு வாரத்துக்கு ஒரு முறை எனக்கு நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றுகிறார்கள். அந்த மருந்து இருப்பதால்தான் குடல் என்று ஒன்று என் வயிற்றுக்குள் இன்னும் இருக்கிறது. அதற்குப் பணம் கட்டுவது இந்த வேலையோடு வந்த காப்பீடு. மூன்றாவது கடிதம் வந்தால் மருந்து நிற்கும். மருந்து நின்றால் அறுத்து எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு வருடத்துக்கு முன்பே டாக்டர் கடிதத்தை எடுத்துக்கொண்டு மனிதவள அதிகாரியிடம் போனேன். மேடம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். எப்போதும் இஸ்திரி கலையாத ஆள். எதையும் கையால் எழுதமாட்டார், பக்கத்து அறைக்காரருக்கு டீ வேண்டுமா என்பதைக்கூட மின்னஞ்சலில்தான் கேட்பார். கடிதத்தைப் படித்தார். இரண்டாவது வரியில் முகம் கொஞ்சம் சுளித்தது. மடித்துக் கோப்புக்குள் வைத்தார்.

"உடம்பைப் பாத்துக்கோங்க. ஆனா சிஸ்டத்துல இதுக்குன்னு நம்பர் இல்லையே."

"ஒண்ணு சேர்த்துக்கலாமே மேடம்?"

"அதெல்லாம் அவ்வளவு லேசுப்பட்ட விஷயம் இல்லைங்க. மேலிடம் இருக்கு, டெக்னிக்கல் டீம் இருக்கு, பாலிசி இருக்கு. நினைச்ச உடனே பண்ண முடியுமா?"

கேக் வெட்டுவதற்கு நம்பர் வாங்க அந்தக் காலத்தில் எத்தனை பேர் எத்தனை மீட்டிங்கில் பாடுபட்டார்களோ என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

வீட்டிலும் இந்த வியாதிக்கு நம்பர் கிடையாது. என் மாமியார், அத்தை என்று கூப்பிடுவேன், கெட்டவர் இல்லை. எனக்காகக் கஞ்சி காய்ச்சுவார், ராத்திரி முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் வெளியே சொல்லமாட்டார். "மருமகளுக்கு வயித்தால போகுதுன்னு நாலு பேர்கிட்ட எப்படிம்மா சொல்றது?" என்று அவரே யோசித்து எனக்கு ஒற்றைத் தலைவலி என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தலைவலி கௌரவமான வியாதி. படித்தவர்களுக்கு வரும். இதனால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தைலத்தோடு வந்தார்கள். எங்கள் அலமாரியில் இப்போது பதினேழு தைலக் குப்பிகள் இருக்கின்றன. குடல் முறுக்கிக்கொண்டு நான் சுருண்டு படுத்திருக்கும்போது ஒரு சித்தி வந்து என் நெற்றியில் அரை மணி நேரம் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார். என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரில் எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் கழிப்பறை, எதில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் என்பது அவருக்கு மனப்பாடம். அவர் காதல் மொழி அதுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. மாதம் ஒரு உறுப்புக்கு விழிப்புணர்வு என்று அவர்கள் புதிதாக ஆரம்பித்திருந்தார்கள். போன மாதம் இதயம், எல்லோரும் படியேறி இறங்கினோம். இந்த மாதம் குடல்.

மேடம் என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் என் டாக்டர் கடிதம் இருந்தது. ஒரு வருடம் கழித்து அதற்கு வெளிச்சம் கிடைத்திருந்தது.

"நம்ம கிளைக்கு ஒரு விழிப்புணர்வுத் தூதர் வேணும். உங்களைத்தான் நினைச்சேன்."

"வேண்டாம் மேடம். வீட்ல தலைவலின்னு சொல்லி வச்சிருக்கோம்."

"நீங்க உங்க பிரச்சனையைச் சொல்ல வேண்டாம். சொல்லவும் கூடாது" என்றார். "பொதுவா, பாசிட்டிவா, குடல் நலம்னு பேசினா போதும். ரத்தம், மலம், கழிப்பறை, இந்த மாதிரி வார்த்தை எதுவும் வரக்கூடாது. சாப்பாட்டு அறைல போஸ்டர் ஒட்டறோம் இல்லையா."

நான் எழப் போனேன்.

"வேலை நேரத்துல பண்றதுக்குத் தனியா நம்பர் வந்திருக்கு. பதினொண்ணு. தலைமை அலுவலகம் கிளைகளுக்கு மார்க் போடறதே அந்த நிமிஷத்தை வச்சுத்தான்."

"எத்தனை நிமிஷம் மேடம் வரம்பு?"

"விழிப்புணர்வுக்கு எதுக்குங்க வரம்பு? வரம்பே கிடையாது."

மறுபடி உட்கார்ந்தேன். "நான் தூதரா இருக்கேன் மேடம்" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது. சமூக அக்கறை என்று அவர் எடுத்துக்கொண்டார்.

போஸ்டர் வந்தது. ஊதா நிறத்தில் ஒரு சூரியோதயம், அதன் முன்னால் ஒரு பெண் ஆப்பிளைப் பார்த்துச் சிரிக்கிறாள். கீழே "உள்ளிருந்து மலர்வோம்" என்று எழுதியிருந்தது. துண்டுப் பிரசுரத்திலும் அதே பெண், அதே ஆப்பிள், அதே மலர்ச்சி. குடல் என்ற சொல்லை எங்கே என்று தேடினால் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. பின்பக்கம் வெள்ளை.

முதல் தேதியிலிருந்து நான் என் பணியைத் தொடங்கினேன். வயிறு கூப்பிட்டதும் பதினொன்றை அழுத்துவேன், கையில் ஒரு கத்தைப் பிரசுரத்தை எடுத்துக்கொள்வேன், ஓடுவேன். அவ்வளவு வேகமாக விழிப்புணர்வூட்டப் போகிறவளை யார் தடுப்பார்கள்? மணிக்கூண்டே கதவைத் திறந்து பிடித்தார். என் பெயர் திரையில் பச்சையாகவே இருந்தது. ஐந்து வருடத்தில் முதல் முறையாக நான் கதவைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, மறுபடி கதவைப் பார்த்து என்றில்லாமல் அங்கே நிம்மதியாக உட்கார்ந்தேன். நிம்மதி என்றால் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தூதரானதால் சில தொல்லைகளும் உண்டு. ஆளாளுக்கு டாக்டரானார்கள். வெறும் வயிற்றில் வெந்நீர் குடிக்கச் சொன்னார் ஒருவர். வெந்நீரே கூடாது என்றார் அவருக்கு அடுத்த இடத்துக்காரர். மாத்திரையால் என் கன்னம் உப்பியிருப்பதைப் பார்த்து "உடம்பு நல்லாத் தேறிட்டீங்களே, என்ன சாப்பிடறீங்க?" என்று ரகசியம் கேட்டாள் ஒருத்தி. "எல்லாத்துக்கும் டென்ஷன்தாம்மா காரணம், டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்று மணிக்கூண்டு தன் வாயால் சொன்னார். நன்றி சார் என்று சொல்லிவைத்தேன்.

கையில் கொண்டுபோன பிரசுரங்களை எங்கே வைப்பது? கழிப்பறையில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு திண்டு உண்டு, அதன்மேல் வைத்துவிட்டு வருவேன். நாலு நாளில் ஒரு சின்ன மலையே சேர்ந்துவிட்டது. சாப்பாட்டு அறையில் கொடுத்த பிரசுரத்தில் ஜனங்கள் எண்ணெய்க் கையைத் துடைத்தார்கள். இங்கே வைத்ததைப் படித்தார்கள். வேறு என்ன செய்வார்கள், கைப்பேசியை உள்ளே கொண்டுபோக எங்கள் அலுவலகத்தில் அனுமதி இல்லை.

ஐந்தாம் நாள் மேலே இருந்த பிரசுரத்தின் வெள்ளைப் பக்கத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: "இதில் வியாதி எங்கே இருக்கிறது? ஆப்பிள்தான் தெரிகிறது."

எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. பேனாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வெளியே வரும்போது ஒரு பக்கம் எழுதி முடித்திருந்தேன். பெயர் போடவில்லை. குடலில் புண் என்றால் என்ன, எத்தனை தடவை போகும், எப்படி வலிக்கும், ஏன் ஓடுகிறோம், ஓடுகிறவர்களைப் பார்த்து ஏன் சிரிக்கக்கூடாது, எல்லாம் எழுதினேன். ரத்தம் என்று எழுதினேன். மலம் என்று எழுதினேன். "ரத்தம் போனால் மூலம்தான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்" என்று அடிக்கோடு போட்டேன். மேடம் தடை செய்த வார்த்தைகள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் பார்க்க எனக்குப் பரம திருப்தியாக இருந்தது.

அதற்கு அடுத்த வாரம் வேறு ஒரு கையெழுத்தில் கேள்வி வந்தது. உருண்டையான எழுத்து, புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் எல்லாம் குட்டி வட்டம் போட்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் எழுதுவது போல. "எனக்கு ஆறு மாதமாக ரத்தம் போகிறது. மூலம் என்று நினைத்துக் களிம்பு போடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை. எந்த டாக்டரிடம் போவது?"

குடல் டாக்டரிடம் என்று எழுதினேன். நாளைக்கே போங்கள் என்றும் எழுதினேன்.

"குழாய் விட்டுப் பார்ப்பார்களாமே. வலிக்குமா?"

"வலிக்காது, மயக்கம் கொடுத்துவிடுவார்கள். முந்தின நாள் வயிற்றைச் சுத்தம் பண்ண ஒரு மருந்துத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள், அதுதான் கொடுமை. அதற்குப் பயந்தால் அப்புறம் என்னைப் போலக் கஷ்டப்படுவீர்கள். எனக்கும் ஒரு வருடம் வெட்கத்திலேயே போனது."

அதற்குப் பதில் வரவில்லை. ஒரு வாரம் தினமும் போய்ப் போய்ப் பார்த்தேன். குட்டி வட்டங்களைக் காணோம். கை கழுவுகிற ஒவ்வொருத்தி முகத்தையும் உற்றுப் பார்த்து இவளா, அவளா என்று தேடினேன். யாரென்றே தெரியாத ஒருத்திக்காக ராத்திரி தூக்கம் கெட்டது.

மாதக் கடைசியில் முடிவு வந்தது. எல்லாக் கிளைகளிலும் எங்கள் கிளைதான் முதலிடம். விழிப்புணர்வுப் பணியில் ஒரே ஊழியர் செலவிட்ட நேரம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு நிமிடம். இரண்டாவது வந்த கிளையில் மொத்தமே தொண்ணூறு. தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய சார் நேரில் வந்து எனக்குக் கேடயம் கொடுக்கப் போகிறார் என்றார்கள். மேடம் ஒரு உரையைத் தட்டச்சு செய்து கையில் கொடுத்தார். நம்பிக்கை, புன்னகை, குழு உணர்வு, மறுபடி புன்னகை.

"மேடம், அடுத்த மாசம் பதினொண்ணு இருக்குமா?"

"இருக்கும். ஆனா அது பல்லுக்கு. அடுத்த மாசம் பல் நலம்" என்றார்.

ஆக, ஒன்றாம் தேதியிலிருந்து எனக்கு மறுபடி பதினான்கு நிமிடம். அன்றைக்கு இருந்த நிலைமையில் பத்தே நாளில் மூன்றாவது கடிதம் வந்துவிடும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கேடயத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

விழா சாப்பாட்டு அறையில் நடந்தது. மேசைகளை ஓரம் கட்டி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, சமையல் கவுண்டருக்கு முன்னால் மேடை. கழிப்பறை எதிர்க்கோடியில், அத்தனை பேரையும் தாண்டி. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. சாப்பிடாவிட்டால் வராது என்று குடலுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெரிய சார் "சுருக்கமாக ரெண்டு வார்த்தை" என்று ஆரம்பித்து முப்பத்தைந்து நிமிடம் பேசினார். அவருடைய வயிறு எந்தப் பிரச்சனையும் இல்லாத வயிறு என்பதை விளக்கினார். கேடயத்தை என் கையில் வைத்தார். கனமான கண்ணாடி. ஒலிபெருக்கி முன்னால் போய் நின்று, மேடம் கொடுத்த தாளைப் பிரித்தேன். அந்த நொடி இடது பக்கம் ஒரு இழுப்பு இழுத்தது.

இரண்டு நிமிடம். அதில் ஓட்டத்துக்கு ஒன்று. பேச ஒரு நிமிடம் மிச்சம். புன்னகைக்கு நேரமில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்குப் பெருங்குடல்ல புண்ணு. அஞ்சு வருஷமா இருக்கு" என்றேன். "இந்தக் கேடயம் எதுக்குன்னு நினைக்கறீங்க? நான் எங்கயும் போய் யாருக்கும் எதுவும் சொல்லல. பதினொண்ணை அழுத்திட்டு ஒவ்வொரு தடவையும் கக்கூசுக்குத்தான் போனேன். அந்த ஆயிரத்து நானூத்திப் பன்னெண்டு நிமிஷமும் அங்கதான் உக்காந்திருந்தேன். ரத்தமா போகும். உயிர் போற மாதிரி வலிக்கும். நாளைக்கு மறுபடி எனக்குப் பதினாலு நிமிஷம்தான். மூணாவது லெட்டர் வந்தா வேலை போயிடும், வேலை போனா மருந்து போயிடும், மருந்து போனா குடலையே எடுத்துடுவாங்க. இப்பவும் வருது சார். நான் போகணும். எந்த நம்பரை அழுத்திட்டுப் போகட்டும், நீங்களே சொல்லுங்க."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே ஓடினேன். பின்னால் கைதட்டல், விசில். ஓடும்போது ஒன்றைப் பார்த்தேன். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்க, மேடம் மட்டும் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார்.

தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்து, கேடயத்தைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்தேன். வேலை போயிற்று என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. ஐந்து வருடமாகச் சொல்லாததை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. என் கதவுக்கு முன்னால் வந்து நின்றது.

"நான்தான்" என்றது மேடத்தின் குரல்.

"வந்துடறேன் மேடம். இன்னும் முடியல."

"மெதுவா வாங்க." குழாயைத் திறந்துவிட்டார், மூடினார். "பேப்பர்ல… முந்தின நாள் குடிக்கிற தண்ணிதான் கொடுமைன்னு எழுதினது நீங்களா?"

அந்த வரியை ஒரே ஒருத்திக்குத்தான் நான் எழுதியிருந்தேன்.

"மேடம், உங்களுக்கா?"

மூக்கு உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"இல்ல. வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். ரிசப்ஷன்ல ஒரு பொண்ணு சத்தமா என்ன பிரச்சனைன்னு கேட்டுது. கண் வலின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"எங்க வீட்ல தலைவலி" என்றேன். கதவுக்கு அந்தப் பக்கம் அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது. "நாளைக்கே போங்க மேடம். நான் வேணா கூட வர்றேன். உங்களுக்கு மூலமாவே இருக்கட்டும், சந்தோஷம். ஆனா தெரிஞ்சுக்காம இருக்காதீங்க."

"சரி" என்றார். என் வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெளியே வந்தால் பெரிய சார் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், கூடவே புகைப்படக்காரர்.

"பிரமாதம்மா! எத்தனையோ கிளைல உரை கேட்டிருக்கேன். இப்படி ஒரு நாடகமா யாரும் பண்ணினதில்ல. அந்தக் கடைசி ஓட்டம் இருக்கே!"

"சார், அது நடிப்பு இல்ல."

"அதான் நடிப்பு! நடிப்புன்னே தெரியல பாருங்க." மணிக்கூண்டைத் திரும்பிப் பார்த்தார், மணிக்கூண்டு வேகமாகத் தலையாட்டினார். "இதை எல்லாக் கிளைக்கும் அனுப்பறேன். இனிமே தூதர்கள் எல்லாரும் பேசி முடிச்சதும் ஓடணும். பல்லுக்கும் நீங்களே தூதரா இருங்க."

பல்லை ஒப்புக்கொண்டால் பதினோராம் நம்பர் இன்னும் ஒரு மாதம் என் கையில் இருக்கும். பல்லுக்குப் பிறகு காது, கல்லீரல் என்று ஓய்வு பெறும் வரைக்கும் ஓட்டிவிடலாம். சரி என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும்.

"எனக்குப் பல்லுல ஒண்ணும் இல்ல சார்" என்று வாய் முந்திக்கொண்டது. அதையும் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். பேருந்தில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

புகைப்படக்காரர் எடுத்து வலையில் ஏற்றிய வீடியோ எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. நான் நுழையும்போது பக்கத்து வீட்டு அக்கா கைப்பேசியோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "உங்க மருமக என்னமா நடிக்கிறா! நிஜமாவே வயித்தால போற மாதிரியே ஓடறா!" என்று அத்தையிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அத்தை என்னைப் பார்த்தார். நான் கைப்பையையும் கேடயத்தையும் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். இப்போது தலைவலிக்கு ஏதாவது கதை கட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"நடிக்கிறாளா?" என்றார் அத்தை. குரல் ஏறியது. "அவளுக்குக் குடல்ல புண்ணு. அஞ்சு வருஷமா ரத்தமா போகுது. ராத்திரி பகல்னு பாக்காம அவ துடிக்கிறதை நான் பாத்திருக்கேன். இதுல சிரிக்க என்ன இருக்கு?"

பக்கத்து வீட்டு அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. "தலைவலின்னு சொன்னீங்களேம்மா…"

"நான்தான் பொய் சொன்னேன். நீ குடுத்த தைலம் பிரிக்காம அப்படியே இருக்கு, போகும்போது எடுத்துட்டுப் போ."

அவர் போன பிறகு அத்தை எனக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, தைலங்களை ஒரு பையில் போட ஆரம்பித்தார்.

மறுநாள் ஒன்றாம் தேதி. பயந்துகொண்டேதான் கணினியைத் திறந்தேன். சாப்பாட்டு அறையில் ஆப்பிள் பெண்ணை அகற்றிவிட்டு, அதே பெண் பல் தெரியச் சிரிக்கிற போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பத்து மணிக்கு வயிறு கூப்பிட்டது. ஹெட்செட்டைக் கழற்றினேன். பட்டியல் வந்தது. பத்து, சொந்தக் காரணம், பதினான்கு நிமிடம். பதினொன்று, பல் விழிப்புணர்வுப் பணி. அதற்குக் கீழே ஒரு புது வரி: பன்னிரண்டு, கழிப்பறை, வரம்பு இல்லை.

மலர்ச்சி இல்லை, ஒளி இல்லை. கழிப்பறை என்றே போட்டிருந்தது. அழுத்தினேன். ஓடினேன். திரும்பி வரும்போது என் பெயர் பச்சையாக இருந்தது. எனக்கு முன்னால் இன்னும் நாலு பேர் பெயருக்குப் பக்கத்தில் பன்னிரண்டு என்று இருந்ததைப் பார்த்தேன்.

மேடத்தின் அறைக்குப் போனேன். மேசை ஓரத்தில், கோப்புகளுக்குப் பின்னால், அந்த மருந்துத் தண்ணீர் கலக்கும் பொட்டலம் இருந்தது. எனக்கு அதை எங்கே பார்த்தாலும் தெரியும். பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில், புள்ளிக்குப் பதில் குட்டி வட்டங்களோடு, "நாளை காலை ஏழு மணி" என்று எழுதியிருந்தது.

"அதுக்குள்ள நாள் குடுத்துட்டாங்களா மேடம்?"

"காலையில முதல் ஆளா போய் நின்னேன். அந்த ரிசப்ஷன் பொண்ணுகிட்ட நானே சத்தமா சொன்னேன்."

"நல்லா ஐஸ் போட்டு, ஒரே மூச்சுல குடிங்க. நாக்குல வச்சு ருசி பாக்காதீங்க."

தலையாட்டினார்.

"பன்னெண்டு பாத்தேன் மேடம். மேலிடத்துல இவ்வளவு சீக்கிரம் சம்மதிச்சாங்களா?"

"மேலிடத்தைக் கேக்கல. நம்ம கிளைக்கு நம்பர் சேர்க்கற அனுமதி எனக்கே உண்டு. எப்பவும் இருந்தது."

"டெக்னிக்கல் டீம்?"

"தேவைப்படல."

கதவு வரைக்கும் வந்தவள் நின்றேன். கேட்காமல் போக முடியவில்லை. "எவ்வளவு நேரம் ஆச்சு மேடம், அதைச் சேர்க்க?"

அவர் கணினித் திரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"நாலு நிமிஷம்" என்றார்.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். கைப்பையில் அந்த இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களும் இருந்தன. ஹெட்செட்டை மாட்டப் போனேன், முடியவில்லை. அழுகைக்கு எங்கள் அலுவலகத்தில் இன்னும் நம்பர் போடவில்லை. பத்தை அழுத்திவிட்டு ஆறு நிமிடம் அழுதேன். அன்றைய கணக்கில் இன்னும் எட்டு மிச்சம் இருந்தது.